பூச்சியத்தையும் எழுதியவள்



தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையில் உள்ள வடுவூர் ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமானது; 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் அது பாசன ஏரிதான். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் பறவை. இது தெரிந்தும், கோடை முடிந்து பள்ளி திறந்த ஜூன் கடைசியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். ஏரிக்குள் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

உண்ணிக்கொக்கு 11, மடையான் 3. (மடையானை எங்கள் பிள்ளைகள் குருட்டுக்கொக்கு என்பார்கள். பக்கத்தில் போகும்வரை பறக்காது.) அதன் கீழே ஒரு மாணவி, கூழைக்கடா 0, அரிவாள்மூக்கன் 0, நீர்க்காகம் 0 என்று எழுதினாள். பதிவேட்டை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கவலை எனக்கு.

"இல்லாததை ஏம்மா எழுதுற? அழிச்சிடு" என்று ரப்பரை நீட்டினேன்.

"தேடிப் பார்த்தோமே டீச்சர். எழுதலைன்னா, பார்க்கவே இல்லைன்னு ஆயிடாதா?"

ரப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

டிசம்பரில் அதே கரையில், அதே ஒரு மணி நேரம் நின்றோம். ஏரி ததும்பியது. மூன்று பூச்சியங்களுக்கு எதிரேயும் எண்கள் வந்தன. அந்தக் கணக்கு மட்டும் இருந்திருந்தால், பறவைகள் எப்போதும் அங்கேயே இருப்பதாகப் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். நானும் மறந்திருப்பேன்.

இந்த ஆண்டு ஜூனில் பறவை பார்க்க எப்போது போகலாம் என்று கேட்டேன். "மேட்டூர் எப்ப டீச்சர் திறப்பாங்க?" என்றார்கள். வழக்கமாக அவர்களுடைய அப்பாக்கள் கேட்கும் கேள்வி அது.