கதவு திறந்தது, கல்வி திரும்பியதா?

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், சாலையையும் கிணற்றையும் போலக் கண்ணுக்குத் தெரியும் பொருளன்று. 2020ஆம் ஆண்டில் உலகைப் பற்றிக்கொண்ட கொரோனாக் கொள்ளைநோய், குழந்தைகளின் கல்விக்கும் மனத்துக்கும் விளைத்த கேட்டைப் பற்றியது அது. "நோய் தணிந்துவிட்டது, பள்ளிகள் திறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன, இப்போது அதைப் பேசுவானேன்?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணி வாளாவிருப்பதே இன்று நம்முன் உள்ள பெரிய இடர். அதனை எடுத்துரைக்கவே இங்கு வந்திருக்கிறோம்.

உலகெங்கும் மூடிய கதவுகள்

2020 மார்ச் 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இந்நோயை உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் 190 நாடுகளுக்கு மேல் பள்ளிகள் மூடப்பட்டன. 160 கோடி மாணவர்கள், அதாவது உலகில் படிப்போரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், வீட்டில் இருக்க நேர்ந்தது என்று ஐக்கிய நாடுகளின் கல்வி நிறுவனமான யுனெஸ்கோ கணக்கிட்டது. மனித வரலாற்றில் இவ்வளவு பிள்ளைகள் ஒரே காலத்தில் பள்ளியை இழந்ததில்லை.

எல்லா நாடுகளிலும் இழப்பு ஒரே அளவாக இருக்கவில்லை. ஸ்வீடன் நாட்டில் சிறுவர் பள்ளிகள் திறந்தே இருந்தன; அங்குத் தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் குறையவில்லை என்று ஆய்ந்தவர்கள் கண்டனர். ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டாவிலோ 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், இடையில் சில வகுப்புகளுக்குத் திறந்ததைத் தவிர, 2022 ஜனவரி 10ஆம் நாள்தான் முழுமையாகத் திறந்தன. ஏறத்தாழ 22 மாத காலம்! அந்நாட்டு மாணவர் தொகை 1½ கோடி. அவர்களில் பலர் அதற்குள் கூலி வேலைக்குச் சென்றுவிட்டனர். பெண் பிள்ளைகள் பலர் இளம் வயதிலேயே தாயாகிவிட்டனர். பள்ளிக் கதவு திறந்தபோது உள்ளே வர வேண்டியவர்களில் ஒரு பகுதியினர் வரவே இல்லை.

நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் தொடங்கின என்பதை நீங்கள் அறிவீர்கள். 19 மாதங்களுக்கு மேல் நம் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மணியோசை கேட்கவில்லை. அன்று பள்ளிகளை மூடியது தவறா, சரியா என்ற வழக்கை நாம் இங்கு எடுக்கவில்லை. உயிருக்கு அஞ்சிய காலம் அது. இழந்ததை எவ்வாறு மீட்பது என்பதே நம் கேள்வி.

வீடு பள்ளியாகுமா?

"பள்ளி இல்லாவிடில் என்ன? கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் பாடம் நடந்ததே" என்று கூறுவோர் உண்டு. ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்து நாட்டைப் பாருங்கள். இணைய வசதியில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று அது. அங்குப் பள்ளிகள் மூடியிருந்தது 8 வாரங்களே. அவ்வாறிருந்தும், வீட்டிலிருந்த காலத்தில் பிள்ளைகள் கற்றது மிகச் சொற்பம், அல்லது ஒன்றுமே இல்லை என்று ஆய்வு காட்டிற்று. படிப்புக் குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு இன்னும் மிகுதியாக இருந்தது. அத்தகைய நாட்டிலேயே நிலைமை இதுவென்றால், வீட்டில் இணையமே இல்லாத பிள்ளைகள் என்ன செய்வர்? உலகில் பள்ளி வயதினரில் மூன்றில் இரு பங்கினர், 130 கோடிப் பேர், அத்தகையோரே என்று 2020இல் யூனிசெப் நிறுவனம் தெரிவித்தது.

14 வாரம் ஒன்றரை ஆண்டானது

பள்ளி திறந்தபின் இழப்புத் தானாகவே சரியாகிவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. அது மெய்யா என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு.

2005 அக்டோபர் 8ஆம் நாள் பாகிஸ்தானின் வடபகுதியில் கொடிய நிலநடுக்கம் ஏற்பட்டது. 70,000 பேருக்கு மேல் மாண்டனர். பள்ளிகள் சராசரி 14 வாரம் மூடிக் கிடந்தன. பின்பு உதவிப் பணம் வந்தது, வீடுகள் எழுந்தன, பள்ளிகள் எழுந்தன. நான்கு ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் சென்று பார்த்தபோது, பெரியவர்களின் வாழ்வு பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்திருந்தது. ஆனால் அப்பகுதிப் பிள்ளைகளோ, தொலைவில் இருந்த பிள்ளைகளைவிட ஒன்றரை ஆண்டுப் படிப்பு பின்தங்கி இருந்தனர்.

இழந்தது 14 வாரம். பின்தங்கியது ஒன்றரை ஆண்டு. இஃது எவ்வாறு நேர்ந்தது? பள்ளி திறந்ததும் ஆசிரியர் அந்த வகுப்புக்குரிய பாடத்தைத் தொடங்கிவிடுகிறார். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடம் விளங்குவதில்லை. மூன்றாம் வகுப்பு விளங்காதவனுக்கு நான்காம் வகுப்பு அதனினும் விளங்குவதில்லை. சிறிய குறை ஆண்டுதோறும் வளர்கிறது.

அந்த ஆய்வில் மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. தொடக்கக் கல்வியேனும் முடித்த தாய்மார்களின் பிள்ளைகள் அவ்வாறு பின்தங்கவில்லை. இன்று ஒரு பெண் பிள்ளையைப் படிக்க வைப்பது, நாளை வரக்கூடிய இடருக்கு இன்றே கட்டும் கரை என்பதை இது காட்டுகிறதன்றோ?

உழவர்களாகிய நமக்கு இது புதிதன்று. நட்ட வயலை வரப்பில் நின்று பார்த்தால் எங்கும் பச்சையாகத்தான் தெரியும். உள்ளே இறங்கி நடந்தால்தான் நாற்றுச் செத்த இடங்கள் புலப்படும். சில நாட்களுக்குள் அங்கே வேறு நாற்று வைத்து நிரப்பிவிடுகிறோம். தாமதித்தால் பக்கத்துப் பயிர் ஓங்கி நிழல் விழுந்து, பின்பு வைக்கும் நாற்றுத் தேறுவதில்லை. நம் பள்ளியும் அவ்வாறே. வருகைப் பதிவேடு பச்சையாக இருக்கிறது. 2020இல் முதல் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, 2025-26 கல்வி ஆண்டில் ஆறாம் வகுப்பில் இருக்கிறது. அப்பிள்ளை ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்கிறதா? கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா? வரப்பில் நின்று பார்த்தால் இது தெரியாது.

மனத்தில் பட்ட காயம்

பள்ளி என்பது பாடம் சொல்லும் இடம் மட்டுமன்று. அங்கே தோழர் உண்டு, விளையாட்டு உண்டு, மதிய உணவு உண்டு, வீட்டில் துன்பம் நேர்ந்தால் முகக்குறியால் அறியும் ஆசிரியர் உண்டு. இவை யாவும் ஒரே நாளில் நின்றன. வீட்டிலோ வருமானம் நின்றது. பெரியவர்களிடையே அச்சமும் சச்சரவும் மிகுந்தன. சிலர் வீட்டில் சாவும் நேர்ந்தது. 2022 மே மாதம் வரை உலகில் 1 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் இந்நோய்க் காலத்தில் தாயையோ, தந்தையையோ, தம்மை வளர்த்த பாட்டன் பாட்டியையோ இழந்தனர் என்று மதிப்பிடப்பட்டது.

பல நாடுகளில் நடந்த 29 ஆய்வுகளைத் தொகுத்து, 80,000க்கு மேற்பட்ட சிறாரைப் பற்றி 2021இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வும், ஐவரில் ஒருவருக்குப் பதற்றமும், மருத்துவர் கவனிக்கத்தக்க அளவில் இருந்தன என்று அது கூறிற்று. நோய்க்கு முன் இருந்ததைப் போல் இஃது ஏறத்தாழ இரு மடங்கு. பெண் பிள்ளைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் இது மிகுதியாகக் காணப்பட்டது.

மனச்சோர்வு கொண்ட பிள்ளை "எனக்கு மனச்சோர்வு" என்று வந்து சொல்வதில்லை. தூக்கம் கெடுகிறது, உணவு செல்வதில்லை, விளையாடப் போவதில்லை, அற்பத்துக்குச் சினம் வருகிறது, காரணமில்லாமல் வயிற்று வலி, தலைவலி என்கிறது, பள்ளி என்றால் அழுகிறது. நாமோ இதனைச் சோம்பல் என்கிறோம், பிடிவாதம் என்கிறோம், பிரம்பை எடுக்கிறோம். படிக்க முடியாததால் வெட்கம், வெட்கத்தால் சோர்வு, சோர்வால் மேலும் படிக்க முடியாமை என்று இவ்விரு துன்பங்களும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஆதலால் இரண்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும்.

நம் கிராமங்கள் காட்டிய வழி

இழந்ததை மீட்க இயலும் என்பதற்குச் சான்றைத் தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் இருநூறுக்கு மேற்பட்ட கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளின் திறனை, நோய்க்கு முன்பே 2019இல் ஆய்வாளர்கள் சோதித்து வைத்திருந்தனர். 2021 டிசம்பரில் மீண்டும் சோதித்தபோது, அதே ஊர்களில் அதே வயதுப் பிள்ளைகள் மிகவும் பின்தங்கி இருந்தனர்; மொழியைவிடக் கணக்கில் குறை மிகுதி. ஆயினும் பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்தக் குறையில் மூன்றில் இரு பங்கு நிரம்பிற்று. அவ்வாறு நிரம்பியதில் ஏறத்தாழ கால் பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் மாலை வகுப்புகளால் விளைந்தது என்று ஆய்வு கண்டது.

அந்த வகுப்புகளை நடத்தியவர் யார்? ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள். அவரவர் ஊரில் படித்த நம் மக்களே. இடம், திண்ணையும் மரத்தடியும் சமுதாயக் கூடமும். நேரம், மாலையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி. ஊர் ஒன்று கூடினால் எவ்வளவு ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எஞ்சிய மூன்றில் ஒரு பங்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அது யார் வீட்டுப் பிள்ளையின் பங்கு என்பதை நம் ஊரில் நாமே கண்டறிய வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, பள்ளி மேலாண்மைக் குழுவில் தலைமையாசிரியருடன் அமர்ந்து, எந்தெந்தப் பிள்ளைக்கு வாசிப்பும் கணக்கும் வரவில்லை என்று அறிவோம். அப்பெயர்களைப் பலர் முன் படித்துக் காட்டலாகாது. பிள்ளைக்கு மானம் உண்டு.

இரண்டாவதாக, மாலை ஒரு மணி நேரப் படிப்புக்கு ஓர் இடமும், நல்ல விளக்கும், படித்த இளைஞர் இருவரும் இருக்கும்படி செய்வோம். அங்குப் பிள்ளைகளை வகுப்பு வாரியாக அன்றி, அவர்களுக்கு எது தெரியும் என்பதைக் கொண்டு பிரித்துக் கற்பிக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து வராவிடில் எழுத்திலிருந்தே தொடங்குவதில் இழிவில்லை.

மூன்றாவதாக, நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதிருப்போம். 18 வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணப் பேச்சு எழுந்தால், பஞ்சாயத்து உறுப்பினர் வாளாவிருத்தல் கூடாது. குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் 1098.

நான்காவதாக, பிள்ளையிடம் பேசுவோம். நாம் எழுதப் படிக்க அறியாதவராயினும், "இன்று என்ன படித்தாய்? எனக்குப் படித்துக் காட்டு" என்று கேட்டு அருகில் அமரலாம். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆசிரியரிடமும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் கூற வேண்டும். சாவைப் பற்றிப் பேசினாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வது போன்றதே இதுவும். இதில் குடும்பத்துக்குக் குறைவொன்றும் இல்லை.

அன்பர்களே! இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. பார்க்கும் கண்ணும் மாலையில் ஒரு மணி நேரமும் போதும். அடுத்த கிராம சபையில் சாலையையும் குடிநீரையும் பற்றிப் பேசும்போது, "நம் ஊரில் படிக்க இயலாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்காக இந்த மூன்று மாதத்தில் என்ன செய்தோம்?" என்ற கேள்வியையும் எழுப்புங்கள். அக்கேள்வி எழும் ஊரில் பிள்ளை பின்தங்கிக் கிடக்காது. நாற்றுச் செத்த இடத்தை நிரப்பப் பருவம் இன்னும் முற்றிலும் கடந்துவிடவில்லை. வயலில் இறங்குவோம்.