வேகத்துக்கு முன் இடம் வேண்டும்

கணினி வாங்குமுன் எதைக் கவனிக்க வேண்டும் என்பது இன்றைய கேள்வி. நான் கண்ட ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகள், பல் மருத்துவ ஆய்வு மாணவி. பல மாதங்களாகச் சேர்த்த பணத்தில் அக்கா அவளுக்கு விலையுயர்ந்த மடிக்கணினி வாங்கித் தந்தார். செயலி மிக வேகமானது. ஆனால், ஒரு பல்லின் முப்பரிமாண ஸ்கேன் படத்தைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டது. "தம்பி, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?" என்றார் அக்கா. யாரும் ஏமாற்றவில்லை. நாம்தான் கணக்குப் பார்க்கவில்லை.

கணக்கு எளிது. 1971இல் லண்டனில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக சிடி ஸ்கேன் எடுத்தபோது, ஒரு படத்தில் 80க்கு 80 புள்ளிகளே இருந்தன. இன்று மருத்துவமனைகளில் பொதுவாக 512க்கு 512. புள்ளிக்கு 2 பைட் என்றால் படத்துக்கு அரை மெகாபைட். ரொட்டித் துண்டுகள்போல் ஆயிரம் படங்கள் அடுக்கினாலும் சுமார் 500 மெகாபைட்தான். சாதாரணக் கணினியே தாங்கும்.

ஆய்வுக்கூட நுண் ஸ்கேன் அப்படியல்ல. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 2000 புள்ளிகள் என்றால் மொத்தம் 800 கோடி. அது 16 ஜிகாபைட். அவளுடைய கணினியின் நினைவகமோ எட்டே ஜிகாபைட்! படத்தைத் திருத்தும்போது மென்பொருள் இன்னொரு நகலும் எடுக்கும். ஆகவே 64 ஜிகாபைட் நினைவகம் இருந்தால்தான் நிம்மதி. படத்தைச் சுழற்றிப் பார்க்க, கிராபிக்ஸ் அட்டைக்கும் சொந்தமாகப் போதிய நினைவகம் வேண்டும். சுழலும் வன்தட்டைவிட எஸ்எஸ்டி பலமடங்கு விரைவாகப் படத்தை ஏற்றும். செயலியின் வேகம் இவற்றுக்குப் பிறகுதான்.

பணம் இல்லாதவர் என்ன செய்வது? மூன்று பக்கமும் புள்ளிகளைப் பாதியாக்கினால், அளவு எட்டில் ஒரு பங்காகும். 16 ஜிகாபைட் இரண்டாகிவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பல்லில் உள்ள மயிரிழை விரிசல் அந்தச் சிறிய நகலில் மறைந்து போகலாம். அவள் தேடியதே அந்த விரிசலைத்தான்! அதனால் இப்போது வீட்டில் சிறிய நகலைப் பார்த்துச் சந்தேகமான இடங்களைக் குறித்துக்கொள்கிறாள். ஆய்வுக்கூடத்துப் பெரிய கணினியில் அந்தப் பகுதிகளை மட்டும் முழு நுணுக்கத்தோடு பார்க்கிறாள்.

பெற்றோர்களே, விலையைக் கேட்குமுன் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: "நீ திறக்கப்போகும் கோப்பு எவ்வளவு பெரியது?" பதில் தெரிந்த பிறகு கடைக்குப் போங்கள்.