சமூகத்திற்கு ஒரு சுகாதாரப் பரிசோதனைச் சாலை

(நமது சங்கத்தின் வருஷாந்தரப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது சங்கத்துக்கு உரிய மனையில் இனி எழும்பவேண்டிய கட்டடம் யாது என்பது பற்றிச் சில மாதங்களாக அங்கத்தினரிடையே பலவாறு பேசப்பட்டு வருகிறது. கல்யாண மண்டபம் வேண்டும் என்பார் சிலர். மாணவர் விடுதியை விரிவாக்க வேண்டும் என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் நற்காரியங்களே. ஆயினும், ஒரு சிறு வைத்தியசாலையும் அதனோடு இணைந்த சுகாதாரப் பரிசோதனைச் சாலையும் முதற்கண் அமைதல் வேண்டும் என்று நிர்வாக சபையார் கருதுகின்றனர். அக்கருத்தின் நியாயத்தையும், அதனால் நம்மீது விழும் பொறுப்பையும் ஒருங்கே எடுத்துரைக்கவே நாம் இன்று இங்கு நிற்கின்றோம்.

வைத்தியசாலை ஒன்றே போதாதோ, பரிசோதனைச் சாலை எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். மழைக்காலத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் காண்கிறது. அது மலேரியாவாக இருக்கலாம், டெங்குவாக இருக்கலாம், டைபாய்டாகவும் இருக்கலாம். முதல் இரண்டு மூன்று தினங்களில் இம்மூன்றும் ஏறக்குறைய ஒரே முகத்துடன் தோன்றுவன. அவற்றிற்குரிய சிகிச்சையோ வெவ்வேறு. இரத்தத்தைப் பரிசோதித்தாலன்றி, மிக்க அனுபவம் வாய்ந்த வைத்தியரும் ஊகத்தின் மீதே மருந்தெழுத நேரும். ஊகத்தின் மீது கொடுக்கப்படும் கிருமிக்கொல்லி மருந்துகள் நாளடைவில் பலன் குன்றிப்போவதும், கிருமிகள் அவற்றை எதிர்த்து வாழப் பழகிவிடுவதும் இன்று உலகனைத்தும் கவலையுறும் விஷயம். நோய் இன்னதென்று தெளிந்த பின்னரே மருந்து என்பதன்றோ நம் முன்னோர் கண்ட நெறி?

தூரத்திலுள்ள நகரத்துக்கு இரத்தத்தை அனுப்பிப் பரிசோதித்துக்கொள்ளலாமே எனின், அதிலும் ஓர் இடையூறு உண்டு. குழாயில் எடுத்து வைத்த இரத்தத்திலுள்ள உயிரணுக்கள், அதிலுள்ள சர்க்கரையைத் தொடர்ந்து உட்கொண்டே இருக்கும். தக்க பாதுகாப்பின்றி வெளியே வைத்திருப்பின், மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை சர்க்கரை குறைந்துபோகும். காலையில் எடுத்த இரத்தம் பேருந்தில் பிரயாணம் செய்து பிற்பகலில் பரிசோதிக்கப்படுமாயின், நீரிழிவுள்ளவருக்கும் அந்நோய் இல்லை என்று சீட்டு வந்துவிடக்கூடும். பரிசோதனைச் சாலை அருகிலிருத்தல் சௌகரியத்தின் பொருட்டு மட்டுமன்று. உண்மையின் பொருட்டும் ஆகும்.

தூரத்தினால் வரும் கேடு எத்தகையது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை செய்யும் பாஸ்டர் ஸ்தாபனம் இந்தியாவில் முதன்முதல் 1900-ஆம் வருஷத்தில் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் ஏற்பட்டது. தென்னாட்டில் நாய் கடித்தவர் அவ்வளவு தூரம் சென்று சேருவதற்குள் கிருமி முந்திக்கொள்ளும். 1902-ஆம் வருஷத்தில் ஓர் ஆங்கிலப் பெண்மணி அந்நோயால் உயிர்நீத்ததன் பின்னர், தெற்கிலும் அத்தகைய நிலையம் வேண்டும் என்னும் எண்ணம் வலுத்தது. அமெரிக்கச் செல்வராகிய ஹென்றி பிப்ஸ் என்பார் இராஜப்பிரதிநிதி கர்ஸன் பிரபுவிடம் அளித்திருந்த கொடையின் ஒரு பகுதி இதற்கு உதவிற்று. 1907-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் திறக்கப்பட்டது. கடல் கடந்த ஒருவர் ஈந்த பொருள் நம் நாட்டு ஏழைகளின் உயிர் காத்தது. அவர் யாருடைய குலத்தையும் வினவவில்லை என்பதை நாம் நினைவில் வைத்தல் நன்று.

இனி, நம் குடும்பங்களை நெருங்கித் தொடும் ஒரு விஷயத்திற்கு வருவோம். அதுதான் க்ஷயரோகம் எனப்படும் காசநோய். இந்நோய்க்கு மலைவாசமும், தனி விடுதியும், நெடுநாள் ஓய்வும் இன்றியமையாதவை என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பியிருந்தனர். 1956-ஆம் வருஷத்தில் சென்னையில் காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி சபை ஆகியவை இதில் கைகோத்தன. நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த நோயாளிகளில் ஒரு சாராரை விடுதியில் வைத்தும், மற்றொரு சாராரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தும், ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. விடுதியிலிருந்தோர்க்கு நல்லுணவும் ஓய்வும் அதிகம் கிடைத்திருந்தும், வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தனர். அவர்களுடன் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களுக்கும், அதனால் நோய் அதிகமாகப் பற்றியதாகக் காணப்படவில்லை. இம்முடிவு உலகெங்கும் காசநோய் வைத்தியத்தையே மாற்றியமைத்தது. தவறாது மருந்து உட்கொள்ளச் செய்தலும், காலந்தோறும் கோழையைச் சோதித்து வருதலுமே இதனைச் சாத்தியமாக்கின.

இவ்வளவு தெளிவான பின்னரும் நம் இல்லங்களில் நடப்பது யாது? பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும், பிள்ளைக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்னும் அச்சத்தால் இருமலை மாதக்கணக்கில் மறைக்கின்றோம். மறைக்கப்பட்ட நோய் வீட்டோடு நிற்பதில்லை. பாட்டியின் மடியிலிருந்து பேரக்குழந்தையின் மார்புக்குச் செல்கிறது. இன்று சர்க்கார் சுகாதார நிலையங்களில் இந்நோய்க்குரிய பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலோர்க்கு ஆறு மாத மருந்தில் குணமும் கிட்டுகிறது. ஆகவே நம்மிடையே உயிரை வாங்குவது நோயைக் காட்டிலும் மறைவே என்று சொல்லத் துணிகின்றோம்.

இவ்விடத்தில்தான் சமூகச் சங்கம் ஒன்று நடத்தும் பரிசோதனைச் சாலைக்குத் தனியே ஓர் அபாயமும் உண்டு. நகரத்துச் சாலையில் சீட்டு எழுதுபவர் நம்மை அறியார். இங்கோ, எழுதுபவர் நம் மாமன் மகனாக இருப்பார். வாசலில் அமர்ந்திருப்பவர் நாளைய சம்பந்தியாக இருப்பார். ஒரு முறை ஒரு சொல் வெளியேறிற்றாயின், பின்னர் எவரும் அவ்வாசற்படியை மிதியார். எனவே, பரிசோதனையின் முடிவை நோயாளியும் வைத்தியருமன்றி, நிர்வாக சபையாரும் அறியலாகாது என்பதை விதியாகவே எழுதி வைத்தல் வேண்டும். காசநோயைச் சர்க்காருக்கு அறிவித்தல் 2012-ஆம் வருஷம் முதல் தனியார் சாலைகளுக்கும் உரிய கடமையாகும். அந்த அறிவிப்பு சுகாதார இலாகாவுக்குச் செல்ல வேண்டியது. திண்ணைப் பேச்சுக்குச் செல்ல வேண்டியதன்று. புத்தகத்தில் பெயர்களைப் பூட்டி வைக்கும் சாவி யாரிடம் இருக்கும் என்பதைத் தீர்மானித்த பின்னரே அஸ்திவாரக் கல்லை நாட்டுதல் தகும்.

அடுத்து, செலவைப் பற்றிச் சில வார்த்தைகள். சுவர் எழுப்புதல் எளிது. கல்லில் பெயர் பொறிக்கப்படும் என்றால் கொடையாளரும் முன்வருவர். ஆனால் பரிசோதனைச் சாலை என்பது சுவரன்று. தேர்ச்சி பெற்ற ஊழியருக்கு மாதந்தோறும் சம்பளம் வேண்டும். இரசாயனப் பொருள்களைக் குளிர்ப்பெட்டியில் உரிய உஷ்ணத்தில் வைத்துக் காக்க வேண்டும். மின்சாரம் தடைப்படினும் அக்குளிர் தடைப்படலாகாது. நாள்தோறும் வேலை தொடங்குமுன், முன்னரே அளவு தெரிந்த ஒரு மாதிரியை இயந்திரத்தில் இட்டு, அது சரியான எண்ணைக் காட்டுகிறதா என்று பார்த்துக் குறித்தல் வேண்டும். காட்டவில்லையாயின், காத்திருப்போர் எத்தனை பேராயினும் அன்று அச்சோதனையை நிறுத்த வேண்டும். இவற்றிற்கெல்லாம் பெயர்ப்பலகை வைப்பார் இல்லை. ஆயினும் உயிர் இவற்றில்தான் தங்கியிருக்கிறது.

சிறு அஜாக்கிரதை எவ்வளவு கேடு பயக்கும் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஹாப்கின் என்னும் விஞ்ஞானி பம்பாயில் பிளேக் நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டு, 1897-இல் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். 1902-ஆம் வருஷத்தில் பஞ்சாபிலுள்ள மல்கோவால் என்னும் கிராமத்தில் ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்றவர்களுள் 19 பேர் ரணஜன்னி கண்டு மாண்டனர். பழி ஹாப்கின் மேல் விழுந்தது. குப்பியை அக்கிராமத்தில் திறந்தபொழுது நேர்ந்த அசுத்தமே காரணமாகும் என்று விஞ்ஞானிகள் பலர் எடுத்துக்காட்டிய பின், 1907-இல்தான் அப்பழி நீங்கிற்று. ஒரு குப்பியின் மூடியைத் திறக்கும் கை சுத்தமாயிருத்தல் எத்துணை முக்கியம் என்பதை இதனால் அறிகின்றோம்.

சட்டத்துக்குரிய கடமைகளும் உள. 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்படி நமது சாலையைப் பதிவு செய்தல் வேண்டும். 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி மருத்துவக் கழிவுகளை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் பிரித்துச் சேர்த்து ஒப்படைத்தல் வேண்டும். ஊசிகள் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்கே செல்லுதல் வேண்டும். நம் சாலையின் குப்பை, தெருவைப் பெருக்கும் தாயின் கையைக் குத்துமாயின், நாம் செய்த தர்மம் யாது?

நோயாளியின் இரத்தத்தோடு ஊரின் தண்ணீரையும் சோதித்தல் இச்சாலையின் கடமையாகும். குடிநீரின் 100 மில்லிலிட்டரில் மலக்கிருமி ஒன்றேனும் காணப்படலாகாது என்பது விதி. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமை மீறினால் பல் கறைபடும். மிகுந்தால் எலும்பும் கெடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் இத்துன்பத்தை அனுபவித்தோர் பலர். நூறு பேருக்கு மருந்து கொடுப்பதினும் ஒரு கிணற்றின் குறையைக் கண்டு சொல்லுதல் மேலான வைத்தியமன்றோ?

தண்ணீரைப் பற்றிப் பேசும்பொழுதே மற்றொரு வினாவுக்கும் விடை கிடைத்துவிடுகிறது. நம்மவர் பொருளால் எழும் சாலை நம்மவர்க்கு மட்டும் உரியதாக வேண்டும் என்று சில அன்பர்கள் கூறுகின்றனர். அவர்கள் எண்ணம் தீயதன்று. ஆயினும் அது காரியத்துக்கு உதவாது. கொசு சாதி பார்த்துக் கடிப்பதில்லை. அடுத்த தெருவில் கண்டறியப்படாத நோய் நாளை நம் தெருவுக்கு வரும். ஊரார் அனைவர்க்கும் கதவு திறந்திராத பரிசோதனைச் சாலை பாதி ஊரை மட்டும் காணும். பாதியைக் காணும் கண்ணால் பொதுச் சுகாதாரத்தைக் காத்தல் இயலாது. கொடுப்பது நாமாயிருப்போம், பெறுவது ஊராயிருக்கட்டும். சங்கத்திற்கு இதனினும் சிறந்த கௌரவம் வேறில்லை.

கடைசியாக ஒன்று. சென்னைக் கிண்டியிலுள்ள கிங் ஸ்தாபனம் 1899-ஆம் வருஷத்தில் அம்மைப்பால் தயாரிக்கும் நிலையமாகத் தோன்றியது. உலகில் பெரியம்மை அடியோடு ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. எனினும் ஸ்தாபனம் ஒழியவில்லை. 2020-இல் கொரோனா வந்தபொழுது அங்கேதான் பரிசோதனைக்கு மாதிரிகள் சென்றன. ஒரு நோய்க்காக ஏற்பட்டது பின்னொரு தலைமுறையின் வேறு நோய்க்கு உதவிற்று. நிலைத்து நிற்கும்படி நடத்தப்பட்டமையே இதற்குக் காரணம்.

ஆதலின் நாம் இம்மகாசபையின் முன் வைக்கும் வேண்டுகோள் இவை. கட்டட நிதிக்குச் சேரும் பொருளில் பாதியைச் சுவருக்குச் செலவிடாது, பராமரிப்புக்கென நிரந்தர மூலதனமாக வைத்தல் வேண்டும். அதன் வட்டியினின்று ஊழியர் சம்பளமும் இரசாயனப் பொருள்களும் நடைபெற வேண்டும். மூலதனம் சேருமட்டும் கட்டடம் காத்திருக்கலாம். அதுவரை கோழைப் பரிசோதனைக்கு வேண்டியவர்களைச் சர்க்கார் நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் தொண்டை நம் வாலிபர் நாளையே தொடங்கலாம். அதற்குச் செங்கல் வேண்டுவதில்லை.

கல்யாணச் செலவில் ஒரு வேளை விருந்தைச் சுருக்கி அப்பொருளை இந்நிதிக்கு அளிக்க முன்வரும் குடும்பம் எதுவோ, அக்குடும்பத்தின் பெயரை நம் பத்திரிகை மகிழ்ச்சியுடன் வெளியிடும். கல்யாண மண்டபமும் ஒருநாள் எழுக. அதில் அமரப்போகும் மணமக்கள் முதலில் ஆரோக்கியமாக வளர்க. இதனைச் சபையோர் தீர ஆலோசித்துத் தீர்மானிக்குமாறு வணக்கத்துடன் கேட்டுக்கொண்டு அமர்கின்றோம்.