ஒரே எடைக்கல் வேண்டும்

(மட்டாஞ்சேரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்களால் ஒரு பாதையை மறக்க முடியவில்லை. அது சயாம் - பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர் நீளம். 1942-43இல் ஜப்பானிய ராணுவம் போட்டது. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் மாண்டார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர் புதைகுழிகளில் பெயர் இல்லை.

"ஜப்பான்காரன் புத்தியே அப்படி" என்கிறார்கள் சிலர். "அவர்கள் பண்பாடு வேறு, நாம் தீர்ப்புச் சொல்லலாமா?" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு. உழைப்பவனைச் சாகடிப்பது எந்த நாட்டிலும் கொடுமைதான். அதைச் செய்தது ஆட்சி, இனமல்ல.

ஆனால் நம் பக்கமும் பார்க்க வேண்டாமா? பகைவர் ஊர்த் தெருவைக் கழுதை பூட்டி உழுத பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் புறநானூறு புகழ்கிறது. நாமும் கை தட்டுகிறோம். அந்தத் தெருவில் குடியிருந்த ஏழை என்ன ஆனான் என்று கேட்டோமா? 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளையும் டாக்டர்களையும் சுட்டது நம் இந்திய ராணுவம். அதற்கு மட்டும் "போரில் இதெல்லாம் சகஜம்" என்பதா?

இந்த மட்டாஞ்சேரி மண்டியில் மிளகு வாங்க ஒரு எடைக்கல், விற்க ஒரு எடைக்கல் வைத்தால் விடுவோமா? அநியாயத்தை நிறுக்கவும் ஒரே கல்தான் வேண்டும். பிள்ளைகளுக்குச் சயாம் கதையைச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துக் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.