நெடுங்காலம் நின்ற விமானம்

பயன்படுத்தாது வைத்த பொருள் பழுதடையாது என்பது மக்களிடையே பரவியுள்ள ஒரு நம்பிக்கை. பெட்டியிலே மடித்து வைத்த பட்டுச் சேலையும், கரையிலே ஏற்றி வைத்த வள்ளமும் வைத்தது வைத்தபடியே இருக்கும் என்று எண்ணுவோர் பலர். ஆண்டுகள் பல சென்றபின் எடுத்துப் பார்க்கும்போதுதான் உண்மை தெரிகின்றது. பட்டு மடிப்பிலே இற்றுப்போயிருக்கும்; வள்ளத்தின் பலகைகள் காய்ந்து மூட்டுகள் விரிந்திருக்கும். சேலை கிழிந்தால் நட்டம் சேலையோடு போயிற்று. வள்ளம் ஒழுகினால் கரைக்குத் திரும்பி வரவும் கூடும். ஆனால் நெடுங்காலம் நின்ற ஆகாய விமானம் ஒன்றை மீண்டும் பறக்கவிடும்போது, மறைந்திருந்த பழுது வானத்திலேதான் வெளிப்படும். அங்கே இறங்கி நின்று பார்க்க இடமில்லை.

பெரிய நிறுவனங்கள் கட்டும் விமானங்களைப் பற்றி யாவரும் அறிவர். அவை அல்லாமல், தனி மனிதர் தம் வீட்டுக் கொட்டிலிலே, ஓய்வு நேரத்திலே, தம் கையாலே கட்டும் சிறு விமானங்களும் உண்டு. ஒருவர் அல்லது இருவர் அமரக்கூடிய இவை மரத்தாலும் துணியாலும், உருக்குக் குழாயாலும், அலுமினியத் தகட்டாலும், கண்ணாடி இழையாலும் ஆக்கப்படுகின்றன. இங்கிலாந்திலே இத்தகையோருக்கென 1946ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றியது. அமெரிக்காவிலே போல் பொபெரெஸ்னி என்பவர் மில்வோக்கி நகரில் 1953இல் அவ்வாறான மற்றொரு சங்கத்தை அமைத்தார். ஊர்தியின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ தாமே கட்டியிருத்தல் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம் இவர்களுக்கு விதித்துள்ள நிபந்தனை.

இத்தகைய ஊர்தி ஒன்றின் வரலாறு குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரம் ரேந்தைத் துணிக்குப் பெயர்போனது. அத்தொழிலில் ஈடுபட்டிருந்த கிரேஞ்சர் சகோதரர்கள் 1926க்கும் 1930க்கும் இடைப்பட்ட காலத்தில், லற்றிமர் நீடம் என்ற விமான வல்லுநரின் துணையோடு, ஒருவர் மட்டும் அமரக்கூடிய ஒரு விமானத்தைக் கட்டினர். மற்றைய விமானங்களுக்கு உள்ள கிடையான வாற்பகுதி இதற்கு இல்லை. இறக்கைகளின் நுனிகளே அசைந்து ஊர்தியை ஏற்றவும் இறக்கவும் சரிக்கவும் பயன்பட்டன. இரண்டு சிலிண்டர்களைக் கொண்ட, 32 குதிரைவலுவுடைய பிரிஸ்ரல் செரப் இயந்திரம் அதனை இழுத்துச் சென்றது. ஜெர்மனியிலே 1861இல் கல்லில் பதிந்த வடிவமாக அறியப்பட்ட ஆதிப் பறவையின் பெயரையே அதற்குச் சூட்டினர்: ஆர்க்கியொப்தெரிக்ஸ்.

1930ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் அது முதன்முதல் பறந்தது. 1936க்குப் பின் கொட்டகையிலே அடங்கிற்று. உலகப் போர் வந்தது, போயிற்று. தாரை விமானங்கள் தோன்றின. ஆதிப் பறவை அசையாது கிடந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1967இல், பெட்போட்ஷயரின் ஓல்ட் வோடன் என்னும் ஊரிலுள்ள ஷட்டில்வேர்த் விமானத் தொகுப்புக்கு அது வழங்கப்பட்டது. பழைய ஊர்திகளைப் பறக்கும் நிலையிலே பேணுவதற்குப் பெயர்பெற்ற இடம் அது. அங்கும் அது வந்த உடனே வானத்தில் ஏறிவிடவில்லை. 1971ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேதான் மீண்டும் பறந்தது. கட்டி முடிக்க நான்கு ஆண்டுகள் சென்றன. உறக்கத்தினின்றும் எழவும் நான்கு ஆண்டுகள் சென்றன.

இவ்வளவு காலம் எதற்கு என்று கேட்கலாம். அசையாது கிடந்த விமானத்திலே காலம் என்ன செய்கின்றது என்பதை அறிந்தால் விடை விளங்கும்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். அக்காலத்து மர விமானங்களின் மூட்டுகளை ஒட்டப் பெரிதும் பயன்பட்டது பாலிலிருந்து எடுக்கும் கேசீன் என்னும் பசை. உலர்ந்த நிலையில் அது உறுதியானது. ஈரம் பட்டால் அதிலே பூஞ்சணம் பற்றிப் பசை வலுவிழக்கும். வெளியிலே வண்ணம் மங்காதிருக்க, உள்ளே மூட்டு விட்டுப்போயிருக்கும். மரத்தை ஊடுருவிச் செல்லும் உருக்கு ஆணிகளின் தலை பளபளப்பாக இருக்கலாம். மரத்துக்குள் மறைந்த நடுப்பகுதியோ கறள் பிடித்து மெலிந்திருக்கலாம். ஆகவே ஆணிகள் சிலவற்றையாவது கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும். உருக்குக் குழாய்களால் ஆன உடலிலும் இதே வஞ்சனை உண்டு. உள்ளே புகுந்த நீர் தாழ்ந்த இடத்தில், பெரும்பாலும் வாலின் பக்கத்திலே, தங்கிக் குழாயை உட்புறத்தினின்றும் அரிக்கும்.

இறக்கையைப் போர்த்தும் துணியை வெயில் நைந்துபோகச் செய்யும். அதன்மேற் பூசிய பூச்சு இறுகி வெடிக்கும். எனவே துணியின் வலிமையைக் கண்ணால் மதிப்பிடாது கருவியால் அழுத்தியே சோதிப்பர். இறப்பர் குழாய்களும் ரயர்களும், சில்லுகளின் அதிர்ச்சியைத் தாங்கும் இறப்பர் நாண்களும் ஓடாதிருந்தாலும் முதுமையடைவன. அவற்றைச் சோதிப்பதைவிட மாற்றிவிடுதலே மேல்.

இயந்திரத்தின் நிலை இன்னும் நுட்பமானது. ஓடி நின்ற இயந்திரத்தின் எண்ணெயிலே நீரும் அமிலமும் கலந்திருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல எண்ணெய்ப் படலம் வழிந்து கீழிறங்க, சிலிண்டர்ச் சுவர்கள் வெறுமையாகிக் கறள் பிடிக்கும். இதனைத் தடுப்பதாக எண்ணி, இடையிடையே சில நிமிடம் இயந்திரத்தை நிலத்தில் ஓடவிடுவோர் உளர். அது பெரும்பாலும் தீமையே தருகின்றது. நன்கு சூடேறாத இயந்திரம் புதிய ஈரத்தைச் சேர்க்கின்றதேயன்றி உள்ள ஈரத்தைப் போக்குவதில்லை. பெற்றோலோ ஆவியாகிக் குறைந்து, எஞ்சியது பிசினாகி, காபரேற்றரின் மயிரிழை போன்ற துளைகளை அடைக்கும்.

இவற்றோடு அழையாத குடியிருப்பாளரும் உண்டு. இறக்கைக்குள் கூடுகட்டும் எலியின் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும். குளவிகள் சிறு துளை கண்ட இடமெல்லாம் மண்ணால் அடைக்கும். இது சிறு பொருளன்று என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி, டொமினிக்கன் குடியரசின் புவேர்த்தோ பிளாத்தா நகரிலிருந்து புறப்பட்ட போயிங் 757 விமானம் ஒன்று கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 189 பேரும் மாண்டனர். காற்றின் வேகத்தை அளக்கும் குழாய் ஒன்று அடைபட்டு, மானி பொய்யான வேகத்தைக் காட்டியதே விபத்தின் தொடக்கம். குளவிக் கூடே குழாயை அடைத்திருக்கலாம் என்பது ஆராய்ந்தோர் கருத்து. அவ்விமானம் பறக்காது நின்றது ஏறக்குறைய மூன்று வாரமே. குழாய்க்கு மூடி இடப்படவில்லை. மூன்று வாரத்தில் இது நிகழுமானால், முப்பது ஆண்டுகளில் எவை நிகழா?

ஆகவே அறிவுடையோர் இவ்வேலையைத் தொடங்கும் முறை ஒன்றுண்டு. முதலிற் கையில் எடுப்பது திருகாணிச் சாவியன்று, பதிவேடு. ஊர்தி எத்தனை மணிநேரம் பறந்தது, எப்போது எது மாற்றப்பட்டது, எங்கே அடிபட்டது என்பவற்றை அது சொல்லும். அதன்பின் மூடிகளையெல்லாம் கழற்றி, ஒளிபாய்ச்சி, உறுப்பு உறுப்பாகப் பார்ப்பர். சுக்கான்களை இயக்கும் கம்பி வடங்களின்மேல் துணியொன்றை ஓட்டிச் செல்வர். அறுந்த இழை இருந்தால் துணியிலே சிக்கும். சிலிண்டர்களின் உட்புறத்தைச் சிறு கருவியால் நோக்கி, எண்ணெய் விட்டு, விசிறியைக் கையால் மெல்லச் சுழற்றி, தடையின்றி ஓடுகின்றதா என அறிவர். எரிபொருட் குழாயைக் காபரேற்றரின் வாயிலிலே கழற்றி, மூக்கை மேலே உயர்த்தி நிறுத்தி, நிமிடத்துக்கு எவ்வளவு பெற்றோல் ஒழுகுகின்றது என அளப்பர். தானாக இறங்கி வரும் பெற்றோலாயின், ஏறும்போது இயந்திரம் குடிக்கும் அளவில் ஒன்றரை மடங்கு ஒழுகவேண்டும் என்பது நெறி. பின்னர் ஊர்தியை நிறுத்து, நிறையின் மையம் எங்கே விழுகின்றது என்று கணக்கிடுவர்.

கழற்றியதை மீண்டும் பூட்டும்போது மற்றோர் ஆபத்துப் பிறக்கின்றது. 1947ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆந் திகதி இங்கிலாந்தின் வுட்போட் விமானத் தளத்திலே அவ்ரோ ரியூடர் விமானம் ஒன்று புறப்பட்டவுடனே வீழ்ந்தது. லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானத்தை வகுத்த மாமேதை ரோய் சாட்விக் அதிலே இருந்து மாண்டார். இறக்கைச் சுக்கான்களின் வடங்கள் திருத்த வேலையின்போது இடம் வலமாக மாற்றிப் பூட்டப்பட்டிருந்தன. பெரிய தொழிற்சாலையிலே, தேர்ந்த கைகளிடையே இது நேர்ந்தது. எனவே, பூட்டியவர் ஒருவர். சரிபார்ப்பவர் வேறொருவர் என்ற விதி இன்று பல நாடுகளில் உண்டு. கைப்பிடியை இடப்பக்கம் சரித்தால் இட இறக்கையின் சுக்கான் மேலெழவேண்டும். இதனை ஒருவர் உள்ளிருந்து அசைக்க, மற்றொருவர் வெளியே நின்று வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும்.

எல்லாம் முடிந்தபின்னும் அவசரம் ஆகாது. சில்லுகளுக்குத் தடையிட்டு, தீயணைக்கும் கருவியை அருகில் வைத்து, இயந்திரத்தை நிலத்திலே ஓட்டிப் பார்ப்பர். அடுத்து ஓடுபாதையிலே மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் உருட்டுவர். முதற் பறப்புக்குக் காற்று அமைதியான நாளைத் தெரிவர். ஓட்டுநர் தனியே செல்வார். நண்பர் எவரையும் ஏற்றமாட்டார். இயந்திரம் நின்றாலும் மிதந்து இறங்கக்கூடிய தொலைவுக்குள் தளத்தைச் சுற்றியே உயர்வார். ஊர்தி மட்டுமா உறங்கியது? ஓட்டுநரும் பல ஆண்டுகள் பறக்காதவராயின், வேறொரு விமானத்திலே முன்னதாகப் பயின்று கொள்ளுதல் கடமை. புதிதாகக் கட்டப்பட்ட இத்தகைய விமானத்துக்கு அமெரிக்காவிலே பொதுவாக 25 அல்லது 40 மணிநேரச் சோதனைப் பறப்பு விதிக்கப்படுகின்றது. நெடுங்காலம் நின்ற ஊர்தியையும் புதிதாகப் பிறந்ததாகக் கருதி நடப்பதே அறிவு.

இங்கே வீட்டில் கட்டிய விமானத்துக்கே உரிய ஓர் இடர் உண்டு. தொழிற்சாலை கட்டிய ஊர்தியாயின் ஒரே அச்சில் வார்த்தாற்போல் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒன்றில் ஐயம் எழுந்தால் மற்றொன்றைப் பார்க்கலாம், கைந்நூலைப் புரட்டலாம். தனி மனிதர் கட்டியதோ உலகிலே ஒன்றுதான். எந்தப் பலகையை எந்தப் பசையால் ஒட்டினார், வரைபடத்தை எங்கே மாற்றினார், அந்தக் குழாயை ஏன் அவ்வழியே வளைத்தார் என்பனவெல்லாம் அவர் நெஞ்சிலே இருந்தன. அவர் மறைந்தால் அவ்வறிவும் மறைந்தது. எஞ்சுவது அவர் எழுதி வைத்த குறிப்புப் புத்தகம் ஒன்றே. எழுதி வைத்திருந்தால், முப்பது ஆண்டு கழிந்து வருபவனுக்கு அவர் அருகில் நின்று வழிகாட்டுகிறார். எழுதாது விட்டிருந்தால், வருபவன் ஒவ்வொரு மூட்டையும் பிரித்தே அறியவேண்டும். பிரிக்க இயலாதவிடத்து நம்பாமலே விடவேண்டும்.

இந்த இடத்திலேதான் மனிதருடைய மனம் தடுமாறுகின்றது. தந்தை கட்டிய விமானம் மகன் கைக்கு வருகின்றது. அதைப் பறக்கவிட வேண்டும் என்ற ஆவல் அவனுக்கு இருப்பது இயல்பே. ஈராண்டு உழைத்தபின், பரிசோதகர் ஒரு மூட்டைச் சுட்டி, இது போதாது என்கிறார். உழைப்பும் செலவும் அன்பும் ஒரு பக்கம்; விரலளவு பசை மற்றொரு பக்கம். அந்நேரத்தில் அந்த விரலளவு பசையின் சொல்லைக் கேட்பவனே தந்தையின் பெயரையும் தன் உயிரையும் காப்பவன். சில ஊர்திகள் மீண்டும் பறக்கும். சில காட்சிச்சாலையிலே நின்று கற்பிக்கும். பறவாமல் நிற்பதும் இழிவன்று.

பதறாத காரியம் சிதறாது என்பது முதுமொழி. ஆதிப் பறவை 1971இல் எழுந்தது, ஓல்ட் வோடனில் அதனை ஏற்றவர்கள் நான்கு ஆண்டு பொறுத்திருந்தமையாலே. தம் கையால் எதனையேனும் ஆக்குவோர், விமானமாயினும் வேறு பொருளாயினும், அதனுடன் ஒரு குறிப்புப் புத்தகத்தையும் ஆக்கி வைப்பாராக. பொருளைத் துருவும் ஈரமும் மெல்ல அழிக்கும்; எப்படி ஆக்கினோம் என்ற அறிவு எழுத்திலே இருக்குமானால், பின்வருவோர் அதனை அச்சமின்றி மீட்டெடுப்பர்.