மூச்சும் படியும்

கவிதையில் அடி பிரிப்பது கவிஞனின் உரிமை. நுரையீரல் நாரிறுகி நொந்தவருக்கோ மூச்சே அடி பிரிக்கிறது. நாலு சொல்லுக்கு ஓர் இளைப்பு. பழனி மலைக்கு 1966இல் விஞ்ச் வந்தது, 2004இல் ரோப்கார் வந்தது. அவர் வீட்டு வாசற்படிக்கு எதுவும் வரவில்லை.

புதுமைப்பித்தனைக் காசநோய் 1948இல் கொண்டுபோயிற்று. மருந்து கண்டறிந்து ஐந்தாண்டாகியும் அவரைக் காக்கவில்லை.

மாற்று நுரையீரலும் எளிதில் கைகூடவில்லை. 1963இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹார்டி பொருத்தியபோது நோயாளி வாழ்ந்தது 18 நாள். மூச்சுக்குழாய்த் தையல் ஆறாததே பின்வந்தோர் பலரையும் வீழ்த்தியது. 1983இல் டொரண்டோவில் ஜோயல் கூப்பர் குழுவினர் வயிற்றுக் கொழுப்புத்திரையால் அத்தையலைப் போர்த்தி வென்றனர்.

கொடுப்பவர் வேண்டுமே! மூளைச்சாவுற்ற மகனின் உறுப்புகளை 2008இல் ஈந்த திருக்கழுக்குன்றத்துப் பெற்றோர் தமிழகத்தின் மனத்தைத் திறந்தனர். 2023 முதல் உறுப்பு ஈந்தோர் உடலுக்கு அரசு மரியாதை தரப்படுகிறது.

பெற்ற நுரையீரலை உடல் அயலாகவே கருதும். அதன் எதிர்ப்பை அடக்க, வாழ்நாள் முழுதும் காலையும் மாலையும் மாத்திரை. அடக்கினாலோ தொற்று எளிதில் புகும். ஆகவே படியேறும் வலு மீண்டவரும் தைப்பூச நெரிசலில் ஏறலாகாது. கூட்டமற்ற ஒரு நாளில், முகக்கவசத்தோடு, மருத்துவர் ஒப்புதல் பெற்று, மண்டபத்துக்கு மண்டபம் நின்று நின்று ஏறலாம்.