மடியில் சுரக்கும் கொழுப்பு: வெள்ளாட்டுப் பாலின் மரபணு ஆட்சியும் தமிழ்ச் சொல்லும்

 

வெள்ளாட்டின் பாலில் கொழுப்பு எவ்வாறு உருவாகிறது, அதனை உயிரணுவுக்குள் எவை ஆளுகின்றன என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். மொழி மன்றத்தின் மேடையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆடு வளர்ப்பவருக்கு வேண்டிய அறிவு அவர் பேசும் மொழியில் கிடைக்கிறதா என்பது மொழியைப் பற்றிய கேள்வியே ஆகும். ஆகவே இப்பொருளை இங்கே பேசுவது பொருந்தும் என்று கருதுகிறோம்.

கேமரன் மலை 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளரின் பயணத்தால் வெளியுலகிற்குத் தெரியவந்தது. 1929இல் ஜே. ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு திருத்தவும் கொழுந்து பறிக்கவும் தமிழ்த் தொழிலாளர் வந்தனர். மலாயாத் தோட்டங்களில் கூலி போதாத குடும்பங்களுக்கு லயத்தின் பின்னால் கட்டிய மாடும் ஆடும் துணை வருவாயாக இருந்தன. அம்மக்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த உடைமைகளுள் சொற்களும் அடங்கும். மடி, காம்பு, சினை, சீம்பால், சுரப்பு, வற்றுதல் என ஒரு பால்மாட்டின் வாழ்வு முழுவதையும் அவர்கள் தம் சொற்களால் சொல்லினர். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வரிசைப்படுத்தும்போது ஆட்டின் குட்டிக்கு 'மறி' என்னும் பெயரைத் தருகிறது. இத்துறையில் நம் மொழி வறுமைப்பட்டதன்று.

ஆயினும் இன்று தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ இரண்டு பால் ஆடுகள் வாங்க எண்ணும் ஒருவர் எதைக் கேட்டு முடிவு செய்கிறார்? பெரும்பாலும் விற்பவரின் சொல்லைக் கேட்டு. "இந்த இனம் கொழுப்பு மிகுந்தது" என்பார் ஒருவர். "இந்தத் தீவனம் போட்டால் பால் கெட்டியாகும்" என்பார் மற்றொருவர். இவற்றுள் எது மெய், எது பாதி மெய் என்று பிரித்தறிய மடிக்குள் நிகழ்வதை அறிதல் வேண்டும்.

ஆடு அசைபோடும் விலங்கு. அது தின்னும் புல்லிலும் தழையிலும் உள்ள நாரை அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்கின்றன. அப்புளிப்பில் அசிட்டிக் அமிலமும் பியூட்டிரிக் அமிலமும் பிறக்கின்றன. இவற்றிலிருந்து கிடைக்கும் சிறு மூலக்கூறுகள் குருதி வழியாக மடியை அடைகின்றன. அங்கே பால் சுரக்கும் உயிரணுக்கள் அவற்றைத் தொடுத்துத் தொடுத்து, 16 கரிம அணுக்கள் வரை நீளமுள்ள கொழுப்பு அமிலங்களை ஆக்குகின்றன. இது முதல் வழி. அதைவிட நீண்ட அமிலங்களைத் தீவனத்திலிருந்தும் ஆட்டின் உடற்கொழுப்பிலிருந்தும் வந்த குருதியே கொண்டுவந்து தருகிறது. இது இரண்டாம் வழி. இவ்விரு வழிகளிலும் வந்த அமிலங்கள் மும்மூன்றாகக் கிளிசராலோடு பிணைக்கப்பட்டுக் கொழுப்புத் துளிகளாகின்றன.

ஆட்டுப் பாலுக்கே உரிய அடையாளம் முதல் வழியில் உள்ளது. 6, 8, 10 கரிம அணுக்கள் கொண்ட காப்ராயிக், காப்ரிலிக், காப்ரிக் அமிலங்களின் பெயர்கள் ஆட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. இவை பசுவின் பாலைவிட ஆட்டுப் பாலில் ஏறத்தாழ இரு மடங்கு உள்ளன. கறந்த பாலை முரட்டுத்தனமாகக் கையாண்டால் கொழுப்புத் துளியின் மேலுறை கிழிகிறது. பாலிலுள்ள நொதி இவ்வமிலங்களை விடுவிக்கிறது. ஆட்டு வாடை எழுகிறது. பாலை அலுங்காமல் கையாண்டு விரைவாகக் குளிர்விக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

இத்தொழிலை நடத்துபவை நொதிகள். ஒவ்வொரு நொதிக்கும் அதனை ஆக்கும் குறிப்பு ஒரு மரபணுவில் எழுதப்பட்டுள்ளது. மரபணுவைப் படியெடுத்துத் தூது ஆர்.என்.ஏ. உருவாகிறது, அத்தூதைப் படித்து நொதி உருவாகிறது. எந்த மரபணுவை எப்பொழுது, எவ்வளவு படியெடுப்பது என்று முடிவு செய்யும் புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்கிறோம். ஆட்டு மடியில் எஸ்.ஆர்.இ.பி.பி.-1, பி.பி.ஏ.ஆர். காமா என்னும் இரண்டும் கொழுப்பாக்கத்தில் முதன்மையானவை. தோட்டத்து மொழியில் சொன்னால், நொதிகள் கொழுந்து பறிக்கும் கைகள். படியெடுப்புக் காரணிகள் இன்று எத்தனை பேர் எந்தக் காட்டுக்குப் போகவேண்டும் என்று பெயர் கூப்பிடும் கங்காணி.

இதற்கு மேலும் ஒரு நுட்பமான கட்டுப்பாடு உண்டு. நுண் ஆர்.என்.ஏ. எனப்படும் மிகச் சிறிய இழைகள் தூது ஆர்.என்.ஏ.வின்மேல் படிந்து அதன் செய்தியை அடக்குகின்றன. சீனத்தின் வடமேற்கு வேளாண் வனவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பால் ஆடுகளின் மடி உயிரணுக்களை ஆராய்ந்து 2013இல் இரண்டு செய்திகளை வெளியிட்டனர். மிஆர்-27ஏ என்னும் இழை கொழுப்புச் சேர்வதைக் குறைக்கிறது. மிஆர்-103 அதனைப் பெருக்குகிறது. ஒன்று கடிவாளம், மற்றொன்று தூண்டுகோல்.

இனி இனம் பற்றிய கேள்விக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் சானென் இனம் பாலை மிகுதியாகத் தரும். கொழுப்பு பொதுவாக 3 முதல் 3.5 விழுக்காடு. ஆங்கிலோ-நூபியன் குறைந்த பால் தரும், கொழுப்பு மிகுதி. யமுனைக் கரையிலிருந்து வந்த ஜம்னாபாரி மலேசியாவில் நெடுங்காலமாக உள்ளூர்க் காச்சாங் ஆட்டோடு கலக்கப்பட்டு வருகிறது. குளிர்நாட்டுச் சானென் சமவெளி வெப்பத்தில் வாடும். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரமுள்ள தானா ராத்தாவின் தட்பவெப்பம் அதற்கு இணக்கமானது. ஆயினும் ஓர் இனத்திற்குள்ளேயே வேறுபாடு பெரிது. கொழுப்பைப் பிணைக்கும் கடைசிப் படியைச் செய்யும் நொதிக்கு டி.ஜி.ஏ.டி.-1 என்று பெயர். அதன் மரபணுவில் ஆட்டுப் பாலின் கொழுப்பைக் குறைக்கும் இரண்டு மாற்றங்களைப் பிரான்சு நாட்டுச் சானென், ஆல்பைன் ஆடுகளில் கண்டதாக 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எனவே இனப்பெயரை மட்டும் நம்பிக் கிடாய் வாங்குவது போதாது. அதன் தாயும் உடன்பிறந்த பெட்டைகளும் தந்த பாலின் கணக்கைக் கேட்க வேண்டும்.

அடுத்தது தீவனம். நார் குறைந்து தானியம் மிகுந்தால் அசிட்டிக் அமிலம் குறைகிறது. மேலும், அசையூண் வயிற்றில் பிறக்கும் ஒருவகைக் கொழுப்பு அமிலம் மடிக்குச் சென்று கொழுப்பாக்க மரபணுக்களையே அடக்குகிறது. பசுக்களில் இது மிகத் தெளிவாகக் கண்டறியப்பட்டது. ஆடுகள் இதற்கு அவ்வளவாக ஆட்படுவதில்லை. அளவாக எண்ணெய் வித்துகளைச் சேர்க்கும்போது ஆட்டுப் பாலின் கொழுப்பு பெரும்பாலும் உயரவே செய்கிறது. ஆகவே பசுவுக்குச் சொன்ன அறிவுரையை ஆட்டுக்கு அப்படியே சொல்லுதல் தவறாகும். தழை மிகுதியாகத் தின்னும் ஆடு தன் மரபணுக்களுக்கு நல்ல செய்தி அனுப்புகிறது என்று கொள்ளலாம். தழை வெட்டுவோர் மருந்து தெளித்த தேயிலைக் காட்டின் ஓரத்தை விட்டு வெட்டுதல் நலம்.

ஈன்ற காலமும் கணக்கில் வரும். ஈன்றவுடன் கொழுப்பு மிகுந்திருக்கும். பால் பெருகும் நடுக்காலத்தில் விழுக்காடு தாழும். வற்றும் காலத்தில் மீண்டும் ஏறும். நடுக்காலத்துப் பாலைப் பார்த்து ஆட்டைக் குறைசொல்லுதல் பொருந்தாது.

கொழுப்பை அளப்பது எப்படி? இரவு வைத்த பாலில் காலையில் ஆடை படியவில்லை என்றால் கொழுப்பில்லை என்று எண்ணுவது வழக்கம். ஆட்டுப் பாலுக்கு இது பொருந்தாது. அதன் கொழுப்புத் துளிகள் சிறியவை. பசும்பாலில் துளிகளை ஒன்றுகூட்டும் பொருள் ஆட்டுப் பாலில் இல்லை. ஆகவே கொழுப்பு மிகுந்திருந்தும் ஆடை மெல்லியதாகவே படியும். பால்மானி அடர்த்தியை மட்டுமே காட்டும். அமிலமும் சுழற்பொறியும் கொண்டு செய்யும் கெர்பர் சோதனையே நம்பத்தக்க எளிய வழி. வீட்டில் செய்யத் தக்கதன்று எனினும், பல குடும்பங்கள் கூடி ஒரு கருவியைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக மொழி. உடலில் சுரக்கும் உறுப்பிற்குச் 'சுரப்பி' என்று பெயரிட்டவர்கள் சுரத்தல் என்னும் நெடுநாள் வழக்கிலிருந்தே அச்சொல்லைப் பெற்றனர். மக்கள் சொல்லின் வேரிலிருந்து கிளைத்ததால்தான் அது மாணவரிடம் நிலைத்தது. படியெடுத்தல், தூது, நொதி என்னும் சொற்களும் அவ்வாறே பயின்று நிலைபெறும். ஆய்வுகள் ஆங்கிலத்தில் வருகின்றன. அரசின் வேளாண் அறிவுரைகள் மலாயில் வருகின்றன. இரண்டையும் கற்பது கடமை. எனினும் முதல் புரிதல் தாய்மொழியில் அமைந்தால், பின் கற்பவை அதன்மேல் உறுதியாக நிற்கும்.

ஆகவே மன்றத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். இம்மலையின் முதியோர் இன்னும் வழங்கும் கால்நடைச் சொற்களையும், புதிய உயிரியல் சொற்களையும் அருகருகே வைத்து ஒரு சிறு கையேடு தொகுத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்கு வழங்குக. மடியைத் தொட்டே அதன் நலம் அறியும் கைகள் நம் தோட்டங்களில் உள்ளன. அந்த மடிக்குள் நிகழ்வதையும் அவர்கள் தம் மொழியில் அறிந்து, விற்பவரைக் கேள்வி கேட்டு வாங்கும் நிலை வருமாயின், இந்தச் சொற்பொழிவின் நோக்கம் நிறைவேறும்.